நீரின் வளைந்த வடிவம், முனைவுத்தன்மை, சீப்புச் சோதனை: சில சந்தேகங்கள்

செம்பூர் டியூஷன்:
பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீரின் வடிவத்தை நடத்த வேண்டும். தெர்மாகோல் மாடலில் இரண்டு ஹைட்ரஜன்களுக்கு இடையிலுள்ள 104.5 டிகிரி கோணத்தைச் சரியாகக் கொண்டுவருவது எப்படி? கார்பன் டை ஆக்சைடிலும் ஆக்சிஜன்தானே எலக்ட்ரானை இழுக்கிறது, அதற்கு ஏன் முனைவுத்தன்மை (மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் சாயல்) இல்லை என்று கேட்டால் கணக்காகக் காட்ட முடியுமா? இன்னொன்று, தேய்த்த சீப்பைக் குழாய் நீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இந்த மும்பை மழைக்காலத்தில் நீர் அசையவே இல்லை.

மாதுங்கா மாமி:
ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு (ஒரு செ.மீ.யில் பத்து கோடியில் ஒரு பங்கு) 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனுக்கு 6.5 செ.மீ. விட்டமுள்ள உருண்டை, ஹைட்ரஜனுக்கு 3 செ.மீ. தொட்டாற்போல் வைத்தால் மையத்துக்கு மையம் ஏறக்குறைய 4.8 செ.மீ., அதாவது 0.96 ஆங்ஸ்ட்ராம் பிணைப்பு நீளம். உருண்டை மேல் பாகைமானி நிற்காது. இரண்டு ஹைட்ரஜன் மையங்களுக்கும் நடுவே 7.6 செ.மீ. வரும்படி பல்குத்தும் குச்சியைச் செருகுங்கள், கோணம் தானே அமைந்துவிடும்.

தனித்த இரட்டை எலக்ட்ரான்களை (ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத இரண்டு ஜோடிகளை) ஹைட்ரஜன்கள் இருக்கும் தளத்திலேயே ஒட்டிவிடுவார்கள், அது தப்பு. ஆக்சிஜனின் மறுபக்கத்தில், அந்தத் தளத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அவை கூடுதல் இடம் பிடிப்பதால்தான் நான்முகியின் (நான்கு ஜோடிகளும் சமமாக விலகி நிற்கும் வடிவத்தின்) 109.5 டிகிரி குறுகுகிறது. ஸ்ப்ரே பெயிண்ட் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். போஸ்டர் கலர் போதும்.

தானே வாசகன்:
நீரில் ஒவ்வொரு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கும் இருமுனை திருப்புத்திறன் (முனைவுத்தன்மையின் அளவு, அலகு டிபை) 1.51 டிபை. இரண்டும் கோணத்தின் நடுக்கோட்டில் கூடுகின்றன. கோணத்தில் பாதி 52.25 டிகிரி, அதன் கொசைன் 0.612. ஆக 2 × 1.51 × 0.612 = 1.85 டிபை. (அந்த 1.51 என்பதே அளந்த 1.85-லிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது, பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.) கார்பன் டை ஆக்சைடில் கோணம் 180, பாதி 90, கொசைன் பூஜ்யம். பிணைப்பு எவ்வளவு இழுத்தாலும் விடை பூஜ்யம்தான்.

சீப்புச் சோதனையில் நீர் மூலக்கூறுகள் நேர்முனையைச் சீப்புப் பக்கம் திருப்பிக்கொள்வதால் ஈர்க்கப்படுகின்றன.

பவாய் பிசிக்ஸ்:
தானே சார், கணக்கு சரி. கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. மூலக்கூறுகள் திரும்புவது உண்மைதான். ஆனால் திரும்பிய இருமுனையின் ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தள்ளப்படுகிறது. புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் மிஞ்சும் விசை, நாம் பார்க்கும் வளைவுக்குப் போதாது. பெரும்பங்கு நீரிலுள்ள அயனிகளுடையது (மின்னேற்றமுள்ள துகள்கள்). எதிர்மின்னேற்றம் பெற்ற பொருள் அருகே வந்ததும் நீர்த்தாரையிலுள்ள எதிர்மின் அயனிகள் குழாய்ப் பக்கம் தள்ளப்படுகின்றன, தாரையில் நேர் மின்னேற்றம் மிஞ்சுகிறது. தாரை துளியாக உடையும் இடத்துக்கு அருகே பிடித்துப் பாருங்கள்: துளிகளை வாங்கும் தகர டப்பாவைக் காய்ந்த தெர்மாகோல் மேல் வைத்து எலக்ட்ராஸ்கோப்போடு (மின்னேற்றத்தைக் காட்டும் கருவி) இணைத்தால் தகடு விரியும். அதனால் இந்தச் சோதனையை முனைவுத்தன்மைக்கு நிரூபணமாக நடத்த வேண்டாம். அதற்கு மின்காப்பு மாறிலி (ஒரு பொருள் மின்புலத்தை எத்தனை மடங்கு தணிக்கிறது என்ற எண்) நல்ல சான்று: 25 டிகிரி செல்சியஸில் நீருக்கு சுமார் 78, ஹெக்சேனுக்கு 2-ஐக்கூடத் தொடாது.

ஈரக்காற்றில் பிளாஸ்டிக் மேல் ஈரப்படலம் படிந்து மின்னேற்றம் கசிந்துவிடும். சீப்புக்குப் பதில் அரை மீட்டர் பிவிசி பைப், தேய்க்க கம்பளி. இரண்டையும் ஹேர் டிரையரில் சூடாக்கி, ஏசி அறையில் உடனே தேய்த்துக் கொண்டுபோங்கள். குழாயைவிட பியூரெட் (அடியில் திருகுள்ள ஆய்வகக் கண்ணாடிக் குழல்) மேல்: தாரை 1-2 மி.மீ. தடிமனில் அறாமல் விழ வேண்டும். பைப் 2 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஒரு துளி பட்டாலும் திரும்பத் துடைத்து, காயவைத்து, தேய்க்க வேண்டியதுதான்.