இணைய ஆட்டத்துக்குக் கைப்பேசி எண் கட்டாயமான பிறகு ஹேக்கர்கள் (கள்ள மென்பொருள் போட்டு ஆடுபவர்கள்) குறைந்தார்களா? உங்கள் அனுபவங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை, கேமிங் சென்டர் நடத்துபவர்:

கைப்பேசி எண்ணை வாங்கி ஓடிபி கேட்பதால் ஹேக்கர்கள் குறையப்போவதில்லை என்று இங்கே சில நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கடை நடத்துபவன் என்ற முறையில் நான் கண்டது வேறு.

எங்கள் கடைக்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவர், இலவசத் துப்பாக்கி ஆட்டம் ஒன்றில் வால்ஹேக் (சுவருக்குப் பின்னால் இருப்பவரையும் காட்டும் கள்ள மென்பொருள்) போட்டு ஆடிவந்தார். ஒருநாள் பின்னால் நின்று திரையைக் கவனித்தேன். எதிராளி சுவருக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே இவருடைய துப்பாக்கிக் குறி அவர் தலையோடு சேர்ந்து நகர்ந்து, அவர் மூலை திரும்பும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றது. ஆட்ட நிறுவனம் ஐடியை, அதாவது கணக்கை, தடை செய்தபோதும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. புதிய மின்னஞ்சல், புதிய ஐடி, உடனே அடுத்த ஆட்டம். நேர்மையாக ஆடிய பிள்ளைகள்தான் மனம் வெறுத்துக் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பிறகு அந்த ஆட்டம் ரேங்க் போட்டிகளுக்கு (வெற்றி தோல்வியை வைத்துத் தரவரிசை தரும் ஆட்டங்களுக்கு) கைப்பேசி எண் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடைக்குப் பிறகும் அவர் சாலையோரம் குடை விரித்து சிம் விற்கும் கடையில் புது சிம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு ஆதார் வேண்டும், முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். அம்மாவின் ஆதாரைக் கேட்டபோது, "எதுக்குடா இன்னொரு சிம்மு?" என்று வீட்டில் விசாரணை தொடங்கியது. அதோடு அவர் ஹேக்கை விட்டார்.

டோட்டா 2 என்ற இணைய ஆட்டத்தில் வால்வ் நிறுவனம் 2017-இல் இதையே செய்தது. ரேங்க் ஆட்டத்துக்கு ஒரு கணக்குக்கு ஒரு எண், இணையச் சேவைகள் தரும் எண்கள் செல்லாது, ஒரு கணக்கிலிருந்து நீக்கிய எண்ணை வேறு கணக்கில் சேர்த்தால் அந்தக் கணக்கு ரேங்க் ஆட மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பவை அப்போது அறிவித்த விதிகள். என் பார்வையில் அந்த மூன்று மாதக் காத்திருப்புதான் இதில் முக்கியமானது, ஏனெனில் ஒரே சிம்மைக் கணக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வழியை அது அடைக்கிறது. எண்களை மொத்தமாக வாங்கி ஐடி விற்கும் வியாபாரிகளை இதனால் நிறுத்த முடியாது. விளையாட்டாக ஹேக் போட்டுப் பார்ப்பவர்களை நிறுத்த முடியும், என் கடையில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே.

காசிமேடு, கல்லூரி மாணவி:

அண்ணா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இந்தக் கட்டுப்பாட்டில் தவறு செய்யாதவர்களும் சிக்குகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். எனக்குக் கிடைத்த புது சிம் அப்படிப்பட்டது. முன்பு அதை வைத்திருந்தவர் ஏதோ ஒரு ஆட்டத்தில் தடை வாங்கியிருந்ததால், நான் கணக்குத் தொடங்கும்போதே எண் ஏற்கப்படவில்லை. சிம் வாங்கிய தேதிக்கான சான்றை அனுப்பி, பலமுறை எழுதிய பிறகே விடுவித்தார்கள்.

2022-இல் ஓவர்வாட்ச் 2 என்ற துப்பாக்கி ஆட்டம் வெளியானபோது, ப்ரீபெய்ட் (முன்பணம் கட்டி ரீசார்ஜ் செய்யும்) எண்களை ஏற்க மறுத்ததற்கு எதிர்ப்பு எழுந்து, பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு எண் கேட்பதையே பிளிசார்ட் நிறுவனம் கைவிட்டது. எங்கள் தெருவில் எல்லோரும் ரீசார்ஜ் செய்பவர்கள்தான். அண்ணன் தம்பி மூவருக்கு ஒரே கைப்பேசி உள்ள வீடுகளும் உண்டு. ஆகவே எண் கேட்பது ரேங்க் ஆட்டத்தோடு நிற்கட்டும். சாதாரண ஆட்டத்தை எண் இல்லாமலே திறந்து வைக்கட்டும். கைமாறிய எண்ணை விடுவிக்க ஒரு படிவத்தையும் கணக்குத் தொடங்கும் பக்கத்திலேயே வைக்கட்டும்.