நமக்கென்று அரை மணி நேரம்: உங்களுக்கு அது எப்படிக் கிடைத்தது?

காவிரிக்கரை

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். மாமியாருக்குப் பக்கவாதம். மூக்கு வழியே குழாய், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கஞ்சியோ பாலோ, இடையில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது. வீட்டில் படுக்கை நோயாளி இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எட்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா, "ஏம்மா, ஜாக்கெட்டை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருக்கியே" என்றார். காலையில் அதோடுதான் ஸ்ரீரங்கம் கடைவீதி வரை போய் வந்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்குக் குழாயில ஊத்துவ?" என்று மட்டும் கேட்டார். நாலு மணிக்கு என்றேன். ஊற்றிய பிறகு அரை மணி நேரம் தலைப்பக்கம் உயர்த்தியே இருக்க வேண்டும், இருமுகிறாரா என்று யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். "அந்த அரை மணி நேரம் நான் உட்கார்றேன். நீ வெளிய போ."

முதல் நாள் எங்கே போவது என்றே தெரியவில்லை. தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றாம் நம்பர் வந்து நின்றது, நடத்துநர் குனிந்து "ஏறலையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். எட்டு மாதத்தில் யாருக்கும் எதுவும் செய்யாமல் நான் உட்கார்ந்திருந்தது அப்போதுதான். அந்த நடத்துநரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் மாடி

நான் துணிக்கடையில் புடவைப் பிரிவு. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நின்றுகொண்டே வேலை. 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்றார்கள். கேரளாவில் அதற்கு முன்னாடியே 2018-இல் வந்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள், ஆனால் யாரும் உட்காரமாட்டோம், உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் வந்து எதிரில் நிற்பார், அவ்வளவுதான், எழுந்துவிடுவோம்.

ஒரு ஆடி மாதக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் பேத்தி கல்யாணத்துக்குப் புடவை பார்க்க வந்தார். இருபது புடவை பிரித்திருப்பேன். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நீ உக்காரு கண்ணு. உக்காந்தே பிரிச்சுப் போடு, நான் நின்னு பாத்துக்கிறேன்" என்றார். அவருக்கு எழுபது வயதிருக்கும். நான் உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார், அந்த அம்மா அவரைப் பார்த்தார், அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் நாலு பெண்கள் பேசிவைத்துக்கொண்டோம். மூன்று மணிக்கு மேல் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒருத்தி உட்கார்ந்தால் மற்றவர்கள் அவள் வாடிக்கையாளரைப் பார்த்துக்கொள்வோம். கேட்டால் நாலு பேரும் சேர்ந்துதான் பதில் சொல்வோம்.

நெடுஞ்சாலை45

சகோதரிகள் இருவருக்கும் வணக்கம். நான் சென்னை–மதுரை இரவுப் பேருந்து ஓட்டுபவன். உளுந்தூர்பேட்டை பக்கம் டீ குடிக்க நிறுத்தினேன், கிளாஸைப் பிடித்த கை நடுங்கி டீ சட்டையில் கொட்டியது. பின்னால் முப்பத்தாறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையைப் பார்த்த பயம் இன்றும் இருக்கிறது.

நான் செய்தது இதுதான், எல்லோரும் செய்யுங்கள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. நல்லெண்ணெயை மிதமாகக் காய்ச்சி, இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு இறக்குங்கள். உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை நன்றாக அழுத்தித் தேய்த்து அரை மணி நேரம் ஊற வேண்டும். போனைத் தொடாதீர்கள், எண்ணெய்க் கையோடு தொடவும் முடியாது, அதுவே பெரிய ஓய்வு. வெந்நீரில் சீயக்காய், இல்லாவிட்டால் அரப்பு. ஷாம்பு வேண்டாம். அன்றைக்குத் தயிர் சேர்க்கக்கூடாது, மிளகு ரசம் சாப்பிடலாம். பகலில் தூங்கவே கூடாது என்பார் என் அப்பா. இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லாதீர்கள். மனம் இருந்தால் நேரம் வரும், நேரத்தை நாம்தான் ஒதுக்க வேண்டும், யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

மூன்றாம் மாடி

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். காவிரிக்கரை அக்காவுக்கு எதிர்வீட்டு அக்காதான் கொண்டுவந்து தந்தார். எனக்கு அந்தப் பாட்டி. செவ்வாய்க்கிழமை நான் எண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் ஊறினால் யார் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, எட்டரை பஸ்ஸைப் பிடிப்பது? உங்கள் வீட்டில் சனிக்கிழமை வெந்நீர் போடுவது யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவருக்கு எந்தக் கிழமை?

இரவுப்பணி

இருபது வருடமாகச் செவிலியர். அண்ணன் சொன்ன குளியல் நல்லதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் சோர்வு என்றாலே ஓய்வு போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவுப் பணியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு நாள் பயிற்சிக்கு வந்த மாணவி, "மேடம், ஒரு நிமிஷம்" என்று என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் கண்ணாடி முன்னால் கூட்டிப்போனாள். இமைக்குள் வெளுத்துப்போயிருந்தது. எத்தனை பேருக்கு நான் பார்த்துச் சொல்லியிருப்பேன்! ஹீமோகுளோபின் 8.1. பெண்களுக்குப் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை.

அதனால், கொஞ்ச நாளாகவே அசதி என்றால் ரத்தம் பாருங்கள், தைராய்டும் சர்க்கரையும் சேர்த்துப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. காவிரிக்கரை, உங்களுக்குத் தனியாக ஒன்று: தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை, வலி தணிப்புப் பராமரிப்பு எல்லாம் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்திருக்கிறீர்களா?

நெடுஞ்சாலை45

மூன்றாம் மாடி தங்கச்சி கேட்டதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. வெந்நீர் போடுவது என் மனைவிதான். அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து எத்தனை நாளாயிற்று என்று நேற்று கேட்டேன். தீபாவளிக்கு என்றார். இந்த வெள்ளி எனக்கு ஓட்டம் இல்லை. சமையல் நான்.

காவிரிக்கரை

பதிந்துவிட்டோம், மேடம், இப்போது வந்துபோகிறார்கள். மாமியார் இடதுகையால் டம்ளரைப் பிடிக்கிறார், குழாயை எடுத்து ஒரு வருடம் ஆகிறது.

ஆனால் எதிர்வீட்டு அக்கா இன்னும் நாலு மணிக்கு வருகிறார். இனி வேண்டாம் அக்கா, நானே பார்த்துக்கொள்வேன் என்று ஒருமுறை சொன்னேன், "உனக்கு வேண்டாம்னா போ, எனக்கு உன் மாமியாரோட பேசணும்" என்றார். இருவரும் பழைய கதை பேசுகிறார்கள். நான் இப்போதெல்லாம் அம்மா மண்டபம் படித்துறை வரை நடக்கிறேன். மேட்டூரில் திறந்தபிறகு தண்ணீர் ஏறியிருக்கிறது, மேல்படியிலேயே கால் நனைகிறது.

கேட் சத்தம் கேட்கிறது, அக்காதான். போய்வந்து மீதியை எழுதுகிறேன்.