கனடாவின் உறைவிடப் பள்ளிகள்: மாணவன் கேட்ட கேள்விக்கு என்ன சொல்வது?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். டொராண்டோவில் வசிக்கும் என் அண்ணன் மகள், செப்டம்பர் 30 அன்று பள்ளியில் அனைவரும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிவதையும், உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளின் நினைவாக அந்நாள் கடைப்பிடிக்கப்படுவதையும் எழுதியிருந்தாள். அதை வகுப்பில் சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சோறு போட்டு, தங்க இடம் கொடுத்துப் படிக்க வைத்தால் அதில் என்ன சார் தப்பு?" என்றான். அவன் அரசு நல விடுதியில் தங்கிப் படிப்பவன். விடுதி இல்லாவிட்டால் அவனுக்குப் படிப்பே இல்லை. ஆகவே கேள்வியில் குதர்க்கம் ஏதும் இல்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டை வாசகர் (புதுச்சேரி):

ஐயா, உங்கள் மாணவனுக்குரிய விடையைக் கனடாவின் முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டே 1883இல் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். பெற்றோருடன் வாழ்ந்தபடியே பள்ளிக்குப் போகும் பூர்வகுடிச் சிறுவன் எழுதப் படிக்கத் தெரிந்த காட்டுமிராண்டியாகத்தான் இருப்பான் என்றும், ஆகவே பிள்ளைகளைப் பெற்றோரின் செல்வாக்கிலிருந்து இயன்றவரை விலக்கிவைக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். வீட்டிலிருந்து பிரிப்பதே நோக்கம். படிப்பு அதற்கு ஒரு சாக்கு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 1920இல் பூர்வகுடியினருக்கான சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயது வரையிலான பூர்வகுடிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பவும், மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்கவும் வழி செய்தார்கள். இப்படி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய 1,50,000 குழந்தைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள்.

பள்ளிகளை நடத்தியவை கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் முதலிய திருச்சபைகள். பணம் கொடுத்தது அரசு. அதுவும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில், மிகக் குறைவாகக் கொடுத்தது. தலைக்கணக்கு குறைந்தால் வருமானம் குறையும் என்பதால் காசநோய் உள்ள குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு, நெருக்கமான படுக்கைக் கூடங்களில் மற்றவர்களோடு தங்கவைத்தார்கள். மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இல் அறிக்கை கொடுத்தார். விவரம் கிடைத்த பள்ளிகளில் சேர்ந்திருந்தவர்களில் சுமார் 24 விழுக்காட்டினர் இறந்துபோயிருந்தனர். அரசு அவருடைய பரிந்துரைகளைக் கிடப்பில் போட்டது. படிப்பும் முழுநேரப் படிப்பு அன்று. பல பள்ளிகளில் அரை நாள் பாடம், மீதி நேரம் வயலிலும் சமையற்கட்டிலும் சலவைக் கூடத்திலும் வேலை. தாய்மொழியில் பேசினால் அடி விழுந்தது. எனவே "படிக்க வைத்தார்கள்" என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

ஊசுட்டேரி (புதுச்சேரி):

ஒரு சிறு எச்சரிக்கை. 2021இல் கனடாவின் கம்லூப்ஸ் நகரில் இருந்த பழைய உறைவிடப் பள்ளி வளாகத்தில் 215 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டதாக வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. அங்கே எதையும் தோண்டவில்லை. தரையை ஊடுருவும் ரேடார் கருவி, கல்லறைகளாக இருக்கக்கூடிய இடங்களைக் காட்டியது, அவ்வளவுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாமே கட்டுக்கதை என்பவர்களும் கிளம்பிவிட்டார்கள். இப்பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும், அதன் பணியைத் தொடரும் தேசிய மையமும் பதிவேடுகளைக் கொண்டு 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்பை உறுதிசெய்திருக்கின்றன. அந்த எண்ணுக்கும் ரேடாருக்கும் தொடர்பே இல்லை.

செம்மண்பூமி (பண்ருட்டி):

சார், கடலூர், விழுப்புரம் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். சாதிச் சான்றிதழுக்காக அலைந்து, உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தால் பெற்றோர் நிம்மதி அடைவதைத்தான் பார்த்திருக்கிறேன். சென்ற பருவத்தில் செங்கல் சூளையிலிருந்து ஒரு தாய் வந்தார். காய்ச்சலில் கிடந்த மகளைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்து அழைத்துப் போனார். உடம்பு தேறியதும் அவரே கொண்டுவந்து விட்டார். அந்தப் பதிவேட்டைப் பற்றி உங்கள் மாணவனிடம் சொல்லுங்கள். அங்கே அது இல்லை.

ஆனாலும் நாம் நெஞ்சு நிமிர்த்திக்கொள்ள வேண்டாம். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், முத்திரை குத்தப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளிகளில் அடைக்க இங்கேயும் அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. இன்றும் பெற்றோர் வந்தால் வாசலிலேயே நிறுத்திவைக்கும் விடுதியை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் கனடாவை மட்டும் சொன்னால் பாடம் பாதிதான்.

கெடிலக்கரை:

மிக்க நன்றி. அங்கே பெற்றோர் போய்ப் பார்க்கவே முடியாதா? பிள்ளைகள் தப்பி ஓடவில்லையா?

முத்தியால்பேட்டை வாசகர்:

1885க்குப் பின் மேற்குப் பகுதிகளில், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு வெளியே போகவே பூர்வகுடியினர் அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை; இருந்தும் பல பத்தாண்டுகள் நடந்தது. பிள்ளைகள் ஓடத்தான் செய்தார்கள். 1966 அக்டோபரில் ஒன்டாரியோவின் கெனோரா பள்ளியிலிருந்து 12 வயது சானி வென்ஜாக் கிளம்பினான். வீடு சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில். மெல்லிய மேலாடையுடன், சிறு கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகளை வைத்துக்கொண்டு ரயில் பாதையோரமாகவே நடந்தவன், குளிரில் தண்டவாளத்தருகே இறந்துகிடந்தான். அதன் பிறகும் கடைசிப் பள்ளிகள் மூடப்பட 1990களின் பிற்பகுதி வரை ஆயிற்று.

2008இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரும் 2022இல் போப் பிரான்சிஸும் மன்னிப்புக் கேட்டார்கள். நீதிபதி மரி சின்க்ளேர் தலைமையிலான அந்த நல்லிணக்க ஆணையம் 2015இல் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று அறிவித்து 94 பரிந்துரைகளை முன்வைத்தது. இழப்பீடாக, படித்த முதல் ஆண்டுக்கு 10,000 டாலரும் அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டாலரும் கொடுத்தார்கள். பத்தாண்டுகள் பெற்றோரையே பார்க்காமல் வளர்ந்தவர் தன் குழந்தையை எப்படி அரவணைப்பார், எந்த மொழியில் தாலாட்டுவார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு எண்களைக் குறைத்து, வென்ஜாக்கின் கதையையும் பண்ருட்டி அம்மா சொன்ன பதிவேட்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். மீதியை அந்த மாணவனே கேட்பான்.