மறு: ஜாடி மூடி திறக்கும் இரும்புக் கருவி, என்ன பேர் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். 'குடுவைத் திறப்பான்', 'போத்தல் திறவி', 'மூடி நெம்பி' என்று வரிசையாக வருகிறதே, யாராவது அந்தச் சாமானைக் கையில் பிடித்துப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் ஒன்று கிடக்கிறது. கும்பகோணத்தில் அத்தையோடு இருக்கிறேன், அவருக்கு விரல் மூட்டில் வலி, அதற்காக வாங்கியது. பாக்குவெட்டியைப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி இருக்கும். ஒரு முனையில் ஆணி, இரண்டு கைப்பிடி, வெட்டுவாய் இருக்க வேண்டிய இடத்தில் வளைவாகப் பல் வரிசை. சின்ன மூடிக்கு ஒரு வளைவு, பெரிய மூடிக்கு ஒரு வளைவு. முதல் நாள் பார்த்தவுடன் அத்தை கேட்டது: "என்னடா இது, யானைக்குப் பாக்கு வெட்டுறதா?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'நெம்பி' எனக்கு ஒப்பவில்லை. நெம்புவது என்றால் அடியில் எதையாவது கொடுத்து மேலே தூக்குவது. சேற்றில் இறங்கின வண்டிச் சக்கரத்தை நெம்புகிறோம், பெயிண்ட் டப்பா மூடியை நெம்புகிறோம். இது அந்த வேலை இல்லை. ஜாடிக்கு அடியில் ஈரத்துணி போட்டு, இடது கையால் அதை அணைத்துப் பிடித்து, பற்களை மூடியின் விளிம்பில் கவ்வவிட்டு இடப்பக்கமாக ஒரு திருகு, அவ்வளவுதான். மூடியின் நடுவிலிருந்து கைப்பிடி கிட்டத்தட்ட பதினேழு, பதினெட்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, மூடியின் ஆரம் மூன்றரை, ஆக வெறுங்கையால் திருகுவதில் ஐந்தில் ஒரு பங்கு பலம் போதும். ஆத்திரப்பட்டு ரொம்ப இறுக்கிப் பிடித்தால் விளிம்பு நெளிந்துவிடும், அப்புறம் அந்த மூடி எதற்கும் ஆகாது. நான் ஒரு ஜாம் மூடியை அப்படிக் கெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நெம்பி சொன்ன ஐயா பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சூடாக அடைத்த ஜாடி ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராகிப் பாதி வெற்றிடம் போல ஆகிவிடும், வெளிக்காற்று மூடியை அழுத்தும். ஏழு சென்டிமீட்டர் குறுக்களவு மூடி என்றால் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. உள்ளே பாதி அழுத்தம்தான் என்று வைத்தாலும் பத்தொன்பது கிலோ மூட்டையை மூடி மேல் வைத்த மாதிரி. கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து லேசாக நெம்பினால் 'டப்' என்று காற்று உள்ளே போய், மூடி தானே இளகும். அந்தக் கருவி தனி, அதற்கு நெம்பி பொருத்தம். இழையில் நாம் தேடுவது வேறு கருவிக்கு.

'திறப்பான்' பாதி உண்மை. இதே சாமானால் மூடியை இறுக்கவும் செய்யலாம், அத்தை செய்கிறார். அதோடு யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவி.

நமக்கு ஏன் இதற்குச் சொல் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். வேலை இல்லை, சொல்லும் இல்லை. மாவடு போட்ட பீங்கான் ஜாடிக்குத் திருகு மூடி எங்கே இருந்தது? வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைப்பார்கள், அவிழ்க்க விரல் போதும். திருகு மூடிக் கண்ணாடி ஜாடிக்கு அமெரிக்காவில் ஜான் மேசன் காப்புரிமை வாங்கியதே 1858-ல்தான்.

ஆனால் திருகு நமக்குப் புதிது இல்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பாருங்கள், அடிப்பாகம், தண்டு, எண்ணெய் விடும் தட்டு, மேலே பிரபை, எல்லாம் தனித்தனியாக வார்த்து மரை போட்டுப் பூட்டுவது. வியாழக்கிழமை சாயங்காலம் புளி போட்டுத் தேய்க்க அதைக் கழற்றும்போது எண்ணெய்ப் பிசுக்கு இறுகி மரை பிடித்துக்கொள்ளும். துணியைச் சுற்றிக்கொண்டு மல்லுக்கட்டுவோம். அப்போதெல்லாம் அத்தை 'திறடா' என்று ஒரு நாளும் சொன்னதில்லை, 'திருகுடா' என்றுதான் சொல்வார். அதனால் என் பரிந்துரை 'மூடிதிருகி'. மூடியைத் திருகுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, நடுவில் த் வேண்டாம். பாக்குவெட்டி, நகவெட்டி, தேங்காய் துருவி வரிசையில் உட்கார்ந்துவிடும். ஒலிபெருக்கியும் தொலைநோக்கியும் அதே வார்ப்புதான்.

*

மறு: மறு:

தம்பி, மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். குத்துவிளக்கு வாதம் எனக்குப் பிடித்தது. ஆனால் 'திருகி' வினையெச்சமும்தானே? 'மூடி திருகி வை' என்று எழுதினால் மூடியைத் திருகிவிட்டு வைக்கச் சொல்கிறாயா, கருவியை வைக்கச் சொல்கிறாயா? சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் திண்டாடுவார்கள். 'திருகுகோல்' என்றால் குழப்பம் இல்லை, திறவுகோல், நெம்புகோல் எல்லாம் இருக்கிறதே.

*

மறு: மறு: மறு:

ஐயா, கேள்வி சரியானதுதான். 'தேங்காய் துருவி வை' என்பதிலும் அதே சிக்கல் இருக்கிறது, ஆனாலும் துருவியைக் கேட்டால் யாரும் தேங்காயைத் துருவிக்கொண்டு வந்து நிற்பதில்லை. 'மூடிதிருகி' என்று சேர்த்து எழுதினால் பெயர், பிரித்து எழுதினால் வினை, அச்சில் இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். கோல் என்றதும் எனக்கு நீட்டமான ஒற்றைக் குச்சிதான் கண்ணில் வருகிறது, இது இரண்டு கால் விரித்து நிற்கிற சாமான்.

உங்கள் மடல் வந்த பிறகு ஒரு சோதனை செய்து பார்த்தேன். எதுவும் சொல்லாமல், "அத்தே, மூடிதிருகி எங்க?" என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எது, யானைப் பாக்குவெட்டியா? அலமாரி கீழ்த்தட்டுல கிடக்கு, துருப்பிடிச்சிருக்கு, எண்ணெய் போடு."

புரிந்துகொண்டார், ஆனால் அவர் வாயில் வந்தது வேறு. விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுகிறவர் மூடிதிருகி என்றே ஏற்றுங்கள். பேச்சு வழக்கு என்று ஒரு வரிக்கு இடம் இருந்தால் யானைப்பாக்குவெட்டியையும் போடலாம், எங்கள் வீட்டு அளவில் அதற்கு ஆதாரம் உண்டு.