மறு: கலர் கிரேடிங்கைத் தமிழில் என்னவென்று சொல்ல?

> கலர் கரெக்‌ஷன் – நிறத் திருத்தம். கலர் கிரேடிங் – நிறத் தரப்படுத்தல். இத்துடன் முடித்துக்கொள்ளலாமா?

வீடியோ எடிட்டிங் மென்பொருளின் சொற்களைத் தமிழாக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

முடிக்க வேண்டாங்க. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு 'தரப்படுத்தல்' என்று எழுதினால், மண்டியில் மஞ்சளை விரலி வேறு, கிழங்கு வேறாகப் பிரிப்பதுதான் நினைவுக்கு வரும். கிரேடிங்கில் யாரும் எதையும் தரம் பிரிப்பதில்லை.

சொல்லை விட்டு வேலையைப் பார்ப்போம். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண வீடியோ எடிட் செய்தேன். விடியற்கால முகூர்த்தம். மண்டபத்துக்குள் மஞ்சள் பல்பு, வாசலில் பகல் வெளிச்சம். ஒரு கேமராவில் மாப்பிள்ளையின் வேட்டி மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல; இன்னொன்றில் அதே வேட்டி நீலம் போட்டு அலசியதுபோல. குண்டு பல்பு வெளிச்சத்துக்கு 3200 கெல்வின், பகலுக்கு 5600 என்று கேமராவில் வைப்பது வழக்கம். ஒருவர் வைத்ததை இன்னொருவர் கவனிக்கவில்லை. இரண்டையும் ஒரே வெள்ளைக்குக் கொண்டுவருவது முதல் வேலை, அதுதான் கரெக்‌ஷன். அதில் என் ரசனைக்கு இடமே இல்லை, வேட்டி வெள்ளையாக இருந்தாக வேண்டும். அப்புறம் வீட்டார் "கொஞ்சம் சினிமா மாதிரி வேணுங்க" என்றார்கள். நிழலில் இளநீலம், முகத்தில் பொன்னிறம் ஏற்றினேன். இதுதான் கிரேடிங், முழுக்க ரசனை.

இந்த வரிசையைத் திருப்பூரில் சொல்லிப்பாருங்கள், உடனே புரியும். பின்னி வந்த பருத்தித் துணியை முதலில் வெளுப்பார்கள். பஞ்சில் இருக்கும் மெழுகும் பழுப்பும் போனால்தான் சாயம் சமமாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். சீராக்காத காட்சியின்மேல் கிரேடிங் போட்டாலும் இதே கதைதான், ஷாட்டுக்கு ஷாட் நிறம் தாவும். ஆகவே கரெக்‌ஷனுக்கு 'நிறச்சீராக்கம்', கிரேடிங்குக்கு 'சாயமேற்றம்' என்கிறேன். முதலாவதை 'நிறச்சீர்' என்று சுருக்கப் பார்த்தேன். நம் பக்கம் சீர் என்றால், கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீர்தான். மாப்பிள்ளையின் அக்காவைக் கூப்பிடச் சொல்வார்கள்.

பிரைட்னஸுக்கு 'ஒளிர்வு' வேண்டாம், 'வெளிச்சம்' போதும். விளக்குதான் ஒளிரும். எளிய பிரைட்னஸ் எஃபெக்ட் செய்வதெல்லாம் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதுதான் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை). 30 கூட்டினால் 0-இல் இருந்த கறுப்பு 30 ஆகும். 240-இல் இருந்த வெள்ளை 255-இல் முட்டி நின்றுவிடும். பெண்ணின் கூந்தல் சாம்பல் பூத்துவிடும், வேட்டியின் மடிப்பு காணாமல் போகும். காமா என்று இன்னொரு அளவு இருக்கிறது, அதை மாற்றினால் 0-உம் 255-உம் அசையாது, நடுவில் இருப்பவை மட்டும் ஏறி இறங்கும். இருட்டிய மண்டபத்துக்கு அதைத்தான் தொட வேண்டும். காமா தனியாக வந்தால் காமா என்றே இருக்கட்டும். கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இருப்பதுபோல், இருட்டுக்கு லிஃப்ட், நடுத்தரத்துக்குக் காமா, வெளிச்சத்துக்குக் கெயின் என்று மூன்று வட்டங்களாக வரும்போது அடி, நடு, நுனி என்று வைக்கலாம். அடியை அசைத்தால் நடுவும் கொஞ்சம் ஆடும், கரும்பு மாதிரியே.

சாச்சுரேஷனுக்குச் 'செறிவு' போதும். 'தெவிட்டல்' என்று பழைய பட்டியல்களில் பார்க்கிறேன். தெவிட்டும்வரை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

– ஈரோட்டிலிருந்து

*

> கிரேடிங்குக்கு 'சாயமேற்றம்'

சொல் நல்லாத்தான் இருக்குதுங்க. இரண்டு தடை. துணிக்கு ஏற்றுவது பெரும்பாலும் ஒரே நிறம். நீங்களோ நிழலுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்கிறீர்கள். அதோடு, 'சாயம் வெளுத்துப்போச்சு' என்று ஒரு பேச்சு இருப்பதை மறந்துவிட்டீர்கள்.

சாயப்பட்டறையில் இன்னொரு வேலை இருக்கிறது, ஷேடு பார்ப்பது. வாங்குகிறவர் கொடுத்த துண்டையும் நாம் சாயமிட்ட துணியையும் விளக்குப்பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்போம். பகல் விளக்கில் ஒன்றாகத் தெரிவது கடை விளக்கில் வேறாகிவிடும். இரண்டு கேமராவையும் ஒன்றாக்கினீர்களே, அது இந்த வேலைதான். அதற்கு 'நிறம் பிடித்தல்' என்று தனியாக ஒரு சொல் வேண்டாமா?

– திருப்பூரிலிருந்து

*

வேணுங்க. ஷாட் மேட்சிங்குக்கு 'நிறம் பிடித்தல்' என்று மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிட்டேன். 'சாயமேற்றத்தை' மட்டும் விட மனமில்லை. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தால் ஒரே துணியில் இடத்துக்கு ஒரு நிறம் வரத்தானே செய்கிறது? வெளுப்பது பற்றிக் கேட்டால், அந்தக் கல்யாண வீடியோவை வாட்ஸாப்பில் அனுப்பிப் பழைய போனில் பார்த்தபோதே என் சாயம் வெளுத்துவிட்டதுங்க.

கான்ட்ராஸ்ட், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம், இன்னும் பாக்கி. 'உறழ்பொலிவு' அழகுதான், எங்கள் ஸ்டுடியோப் பையன் வாயில் நுழையவில்லை. அவன் "எடுப்பு பத்தலைங்ண்ணா" என்கிறான். 'எடுப்பு' என்றே வைக்கலாமா?