ஸ்குரோல் திக்குது, லைன் பிழையில்லை: சிஎஸ்எஸ்ஸிடம் மாட்டின கதைகள்

கல்லடியில் இருந்து:

பாசிக்குடாவில் நாலு அறை வாடகைக்கு விடும் ஒருவருக்குப் போன வருடம் வெப்சைட் ஒன்று செய்து கொடுத்தேன். பின்னால் கடல் படம் அசையாமல் நிற்கும், அறை விவரமெல்லாம் அதற்கு மேலால் ஓடும். என் லேப்டொப்பில் வழுக்கிக்கொண்டு போனது. அவர் விறாந்தையில் இருந்து தன் போனில் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, மாட்டு வண்டில் கிரவல் றோட்டில போற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

நான் உடனே லைனில் பழி போட்டேன். அந்த இடத்தில் சிக்னலும் குறைவுதான், மனுசன் நம்பிவிட்டார். ஆனால் பக்கம் முழுக்க இறங்கின பிறகும், டேட்டாவை நிறுத்தின பிறகும் அதே திக்கல் வந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன், வீடு வந்து சேரும் வரைக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுகா அவருடையதைப் போலவே ஒரு மலிவு போனைத் தேடி எடுத்து, யூஎஸ்பியில் கொழுவி, குரோம் பிரவுசரோடு வரும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் ரெண்டரிங் பகுதிக்குப் போய் 'பெயிண்ட் ஃபிளாஷிங்'கைப் போட்டேன். புதிதாக வரைகிற இடம் மட்டும்தான் பச்சையாக மின்னும். எனக்கோ விரலை அசைக்க அசைக்க முழுத் திரையும் பச்சை! காரணம் சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியில், ஒரே வரி: கடல் படம் இருந்த டிவ்வுக்கு (பக்கத்தில் ஒரு பெட்டிப் பகுதி) நான் கொடுத்திருந்த, படத்தை அசையாமல் நிறுத்தும் 'பேக்கிரவுண்ட் அட்டாச்மென்ட் ஃபிக்ஸ்ட்'. சாதாரணமாக பிரவுசர் ஒருமுறை வரைந்து வைத்ததை அப்படியே மேலே கீழே நகர்த்திவிடும். படம் நிற்க, எழுத்து ஓட வேண்டும் என்றால் வரைந்து வைத்தது உதவாது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு காட்சிக்கும், திரும்ப வரைய வேண்டும். செக்கனுக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன், அதற்குள் அந்தப் போனால் முடியவில்லை, அவ்வளவுதான். படத்தை ஒரு 'பிஃபோர்' சூடோ எலிமென்டுக்குள் (சிஎஸ்எஸ்ஸே உண்டாக்கும் ஒரு பகுதி) வைத்து, அதற்கு 'பொசிஷன் ஃபிக்ஸ்ட்'டும், இது அசையப்போகுது என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் 'வில்-சேஞ்ச் டிரான்ஸ்ஃபோர்ம்'மும் கொடுத்தேன். படம் தனியாக வரைந்து வைக்கிற அடுக்குக்கு, அதாவது தனி லேயருக்குப் போனது, திக்கல் போய்விட்டது.

மருதமுனையில் இருந்து:

அந்த 'வில்-சேஞ்ச்'சை எல்லாரும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள், நான் அதால் சூடு கண்டவன். கைத்தறிச் சாரிக் கடை ஒன்றுக்கு ஒரே பக்கத்தில் 120 கார்ட், சாரிக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் 40 பிக்சல் மங்கல் வைத்த 'பொக்ஸ் ஷேடோ', மவுஸ் பட்டால் அகலமும் உயரமும் கூடுகிற மாதிரி டிரான்சிஷன். வீலை உருட்டும்போது கர்சர் நிற்கிற இடத்தால் கார்ட்கள் வரிசையாகப் போகும் அல்லவா, அந்த ஹோவர் (மவுஸ் படும்போது வரும் மாற்றம்) ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும், ஒன்று பெருத்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் தள்ளுப்பட்டு எது எங்கே நிற்க வேண்டும் என்ற லேஅவுட்டை பிரவுசர் முழுக்கத் திரும்பக் கணக்குப் போடும். இது எனக்கு விளங்கவே இரண்டு நாள் பிடித்தது. அகலத்தைத் தொடாமல், பக்கத்தில் இருப்பதைத் தள்ளாமல் பெருப்பிக்கும் 'டிரான்ஸ்ஃபோர்ம் ஸ்கேல்' போட்டேன், ஷேடோவையும் குறைத்தேன், சரி.

அதோடு விட்டிருக்கலாம். இன்னும் வேகமாகட்டும் என்று 120 கார்டுக்கும் 'வில்-சேஞ்ச்' போட்டேன். கடைக்கார நானாவின் போனில் பக்கம் பாதி வழியில் வெள்ளையாகி, தானாகவே திரும்ப லோட் ஆகத் தொடங்கியது. லேயர் என்பது சும்மா வருவதில்லை: 1080க்கு 2400 அளவுத் திரை ஒன்றை முழுக்க மூடும் லேயர், பிக்சலுக்கு 4 பைட் படி, ஏறக்குறைய 10 எம்பி மெமரி பிடிக்கும். கார்ட் அதைவிடச் சின்னதுதான், ஆனால் 120 சேர்ந்தால் அந்தப் போன் எங்கே தாங்கும்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

ஏறாவூரில் இருந்து:

என்னுடையது சின்னக் கதை. மேலே ஒட்டி நிற்கும் ஹெடருக்குக் கண்ணாடி மாதிரி 'பேக்டிராப் ஃபில்டர் பிளர்'. பின்னால் ஓடுவது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், அதனால் மங்கலையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் புதிதாகப் போட வேண்டும். எடுத்துவிட்டு 95 வீத வெள்ளை நிறம் கொடுத்தேன். இரண்டு கிழமை மினக்கெட்டுச் செய்த கண்ணாடி, அது போனதை ஒரு மனுசன்கூடக் கேட்கவில்லை.

அக்கரைப்பற்றில் இருந்து:

நெல் ரகங்களைப் பற்றி ஒரு நீளப் பக்கம் செய்தேன், பிஜி 94-1, ஏடி 362 என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணையும் படங்களுமாக. பிளரும் இல்லை, ஷேடோவும் இல்லை, ஆனாலும் இழுத்தது, பக்கம் அவ்வளவு நீளம். ஒவ்வொரு பகுதிக்கும் 'கொன்டென்ட் விசிபிலிட்டி ஓட்டோ' போட்டேன், 2020இல் குரோம் 85இல் வந்தது. திரைக்கு வெளியே கிடப்பதை வரைகிற வேலையை பிரவுசர் விட்டுவிடும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், 'கொன்டெய்ன் இன்ட்ரின்சிக் சைஸ்' மூலம் பகுதியின் உத்தேச உயரத்தையும் சொல்லிவிட வேண்டும், நான் சொல்லாமல் விட்டேன், ஸ்குரோல்பார் தவளை மாதிரிப் பாய்ந்தது.

கல்லடி அண்ணா, இப்ப எல்லாத்தையும் அந்த மலிவு போனில்தான் பார்க்கிறீங்களா?

கல்லடியில் இருந்து:

ஓம் தம்பி, கொடுக்கிறதுக்கு முதல் கட்டாயம் அதில்தான். அது கையில் இல்லாத நேரம் டெவ்டூல்ஸின் பெர்ஃபோர்மன்ஸ் பகுதியில் சிபியுவின் வேகத்தை 6 மடங்கு குறைத்துவிட்டுப் பார்ப்பேன், ஆனால் அது குறைப்பது சிபியுவை மட்டும்தான், ஏறாவூர் சொன்ன பிளர் மாதிரி ஜிபியு (படம் வரைகிற சிப்) வேலையின் பாரம் அதில் சரியாகத் தெரியாது. பாசிக்குடாக்காரருக்குத்தான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் இப்பவும் சிம்மை மாத்தினதாலதான் சரியானது என்று எல்லாருக்கும் சொல்லித் திரிகிறார்.