ஜாஸில் தனி வாசிப்பு தொடங்கியதும் கணக்கைப் பிடிப்பது எப்படி?

கேள்வி:
ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘ஸோ வாட்’ கேட்கிறேன். முதல் ஒன்றரை நிமிடம் மெட்டு பிடிபடுகிறது. டிரம்பெட் தனியாகக் கிளம்பியதும் பிடி நழுவிவிடுகிறது. மனம்போன போக்கில் வாசிக்கிறாரா, அடியில் கணக்கு ஏதாவது ஓடுகிறதா? கர்நாடக சங்கீதம் கேட்பேன், தாளம் போடத் தெரியும்.

பதில் 1:
கணக்கு உண்டு, அதுவும் கறாரான கணக்கு. நாலு எண்ணிக்கை ஒரு பார். இந்தப் பாட்டுக்கு 32 பார், எட்டெட்டாக நாலு துண்டு. மூன்றாவது துண்டு மட்டும் வேறு, மற்ற மூன்றும் ஒன்றே. 32 முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. இந்தச் சுற்றைக் கோரஸ் என்பார்கள். மைல்ஸ் இரண்டு சுற்று, சாக்ஸபோன் வாசிக்கும் கோல்ட்ரேன் இரண்டு, இன்னொரு சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி இரண்டு என்று எல்லோரும் வாசிப்பது இதன்மேல்தான். 1959 பதிவில் ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

முதல் துண்டின் ஸ்வரங்கள் இரண்டு கட்டை சுருதியில் கரகரப்ரியா. மூன்றாவது துண்டில் ஷட்ஜமமே இரண்டரைக் கட்டைக்கு ஏறும், எட்டு பார் கழித்து இறங்கிவிடும். டிரம்பெட்டை விட்டுவிட்டு பால் சேம்பர்ஸின் பேஸை (அடிஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கேளுங்கள், ஏற்றம் பளிச்சென்று தெரியும். கரகரப்ரியா என்றது ஸ்வரஸ்தானத்துக்கு மட்டும். கமகம் தேடாதீர்கள்.

பதில் 2:
எல்லாம் சரி, ஆனால் எண்ணிப் பழக அந்தப் பாட்டு வேண்டாம். ஒரு சுற்றின் கடைசி எட்டும் அடுத்ததன் முதல் பதினாறும் சேர்ந்து 24 பார் ஒரே இடத்தில் நிற்கும். கணக்கு தவறுவது அங்கேதான்.

அதே ஆல்பத்தின் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ எடுங்கள். பி ஃப்ளாட்டில் (மேற்கத்திய ஸ்வரப் பெயர்) 12 பார் ப்ளூஸ், அதாவது 12 பாரில் முடியும் சுற்று. முதல் 4 பார் பி ஃப்ளாட் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு), அடுத்த 2 ஈ ஃப்ளாட், மறுபடி 2 பி ஃப்ளாட், 9ஆவது எஃப், 10ஆவது ஈ ஃப்ளாட். மெட்டை முதல் தடவை முடிக்கும்போது கடைசி இரண்டு பார் ஏ ஃப்ளாட்டுக்குப் போகும், அது இந்தப் பாட்டின் தனி அழகு. எண்ணும்போது ‘ஒன்று-இரண்டு-மூன்று-நாலு, இரண்டு-இரண்டு-மூன்று-நாலு, மூன்று-இரண்டு-மூன்று-நாலு’ என்று முதல் எண்ணில் பாரின் எண்ணைச் சொல்லுங்கள். 5ஆவது பாரில் கார்டு நகர்வது காதில் விழுந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

பதில் 3:
தாளம் போட்டுப் பழகிய கை தானாக 1, 3இல் விழும். ஜாஸில் ஹை-ஹாட் (டிரம்ஸில் காலால் மூடும் இரட்டைச் சிம்பல்) மூடுவது 2, 4இல். கையை அங்கே மாற்றினாலே பாட்டு நடக்கத் தொடங்கிவிடும். ஸ்விங் என்பதும் எளிது: நடுத்தர வேகத்தில் ‘தகிட’ சொல்லி ‘கி’யை மட்டும் விழுங்குங்கள். மிஞ்சும் ‘த...ட’ ஏறத்தாழ அந்த நடை. வேகம் ஏற ஏற இரண்டும் சமமாகிக்கொண்டே வரும், அங்கே தகிடவைப் பிடித்துத் தொங்கக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ‘ஸோ வாட்’டில் டிரம்பெட் கிளம்பும் இடத்தில் பெரிதாக ஒரு சிம்பல் அடி விழுகிறதே, அதுதான் சுற்றின் முதல் எண்ணிக்கையா?

பதில் 1:
அதேதான். டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் அடித்தது. அதுவரை மெட்டு வாசித்த பேஸும் அங்கிருந்துதான் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக நடக்கத் தொடங்குகிறது. அந்த அடியை 1 என்று வைத்து எண்ணுங்கள், 17ஆவது பாரில் சுருதி ஏறும்.